கோட்டுக்கு வலப்பக்கம்

புயல் வரைபடத்தைக் கையில் கொடுத்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் அந்தக் கோட்டுக்குத்தான் போகும். எங்கே கரையைக் கடக்கும், எத்தனை மணிக்கு, என்ன வேகத்தில் என்று கேட்பார்கள். கடல்மட்டத்தைக் கணித்துச் சொல்வது என் தொழில். எனக்கு அந்தக் கோடு பாதிச் செய்திதான். ஊர் கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கத்தில் கடல் எவ்வளவு ஆழம், புயல் வந்து சேரும் நேரத்தில் ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா என்பவை தெரியாமல் ஒரு வார்த்தையும் சொல்ல முடியாது.

1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தில் அடித்த புயலை இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு முதலில் காட்டுவேன். கண் கரையேறியது சீராலாவை ஒட்டி. கடல் ஊருக்குள் புகுந்ததோ அங்கிருந்து வடகிழக்கே தள்ளி, கிருஷ்ணா கழிமுகத்தில் இருக்கும் திவி சீமையில். ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்துக்கு எழுந்த தண்ணீர் பல கிலோமீட்டர் உள்ளே போனது. பத்தாயிரம் பேர் அளவில் மாண்டார்கள். பூமத்திய ரேகைக்கு வடக்கே புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். அது கடலிலிருந்து நிலத்தை நோக்கி வரும்போது வலப்பக்கத்துக் காற்று கடலை நிலத்தின் மேல் தள்ளும். புயலின் நகர்வு வேகமும் அந்தக் காற்றோடு சேர்ந்துகொள்ளும். இடப்பக்கத்தில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும், கடல் உள்வாங்கும். 2017-இல் இர்மா சூறாவளியின்போது புளோரிடாவின் தம்பா விரிகுடாவில் தரை தெரிந்தது இதனால்தான். சுழற்சி ஒன்றுதான். ஒரு பக்கம் மக்கள் மூழ்க, மறுபக்கம் படகுகள் சேற்றில் உட்கார்ந்திருக்கும்.

ஆகவே எங்கள் வேலை பெரும்பாலும் கோட்டை நகர்த்துவதுதான். நடந்த புயல் ஒன்றின் பாதையை எடுத்துக்கொள்வோம். அதன் காற்றையும் அழுத்தத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு பாதையை மட்டும் இருபது கிலோமீட்டர் வடக்கே தள்ளிக் கணினி மாதிரியில் ஓட்டுவோம். பிறகு தெற்கே. பிறகு கோணத்தைச் சற்றுத் திருப்பி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கரை நெடுக நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்ற வளைகோடு ஒன்று கிடைக்கும். பாதை நகர நகர அந்த வளைகோட்டின் உச்சி ஊர் ஊராகத் தாவுவதைத் திரையில் பார்க்கலாம். நாலைந்து மணி நேரத்துக்கு முந்தைய நல்ல முன்கணிப்பில்கூட இருபது கிலோமீட்டர் பிசகு சாதாரணம். எந்த ஊரின் பெயரைச் சொல்லி எச்சரிப்பது என்பதே அந்தப் பிசகுக்குள் மாறிவிடும்.

நான் இருப்பது மலேசியாவில், ஜொகூரின் தெப்ராவில். இங்கே புயல் என்றால் பலருக்குத் தொலைக்காட்சிச் செய்தி. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில் புயல் பிறக்காது என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். பூமியின் சுழற்சி காற்றை வளைக்கும் விசை இங்கே அற்பம். தனுஷ்கோடியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குகூட வராது. ஆனால் 2001 டிசம்பர் இறுதியில், வடகிழக்குப் பருவக்காற்றின் பலத்த வீச்சு ஒன்று போர்னியோவை ஒட்டிய சுழலோடு சேர்ந்து, ஏறத்தாழ 1.4 பாகை வடக்கில் வாமெய் என்ற புயல் உருவானது. 27-ஆம் தேதி அது தென்கிழக்கு ஜொகூரில், சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் கரையைக் கடந்தது. வழியில் அகப்பட்ட அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் மணிக்கு 190 கிலோமீட்டர் அளவுக்குக் காற்று வீசியதாகப் பதிவு செய்தன. ஜொகூரிலும் பகாங்கிலும் வெள்ளம்; குனோங் பூலாயில் மண் சரிந்து ஐந்து பேர் இறந்தார்கள்.

எல்லோரும் நினைவில் வைத்திருப்பது மழையை. நான் பார்ப்பது பாதையை. வாமெய் மேற்கு நோக்கி வந்தது. ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையிலான தெப்ராவ் நீரிணை அதற்கு இடப்பக்கம், தெற்கே. அந்தப் பக்கத்துக் காற்று நீரிணையின் தண்ணீரை வெளியே, கிழக்கே தள்ளும். இதே புயல் அறுபது கிலோமீட்டர் தெற்கே வந்திருந்தால் நாங்கள் வலப்பக்கம். இன்னொன்று: 2001 டிசம்பர் 30 பௌர்ணமி. மூன்று நாள் பிந்தி வந்திருந்தால் பௌர்ணமிப் பெருக்கும் சேர்ந்திருக்கும். எங்கள் நீரிணையில் பௌர்ணமி, அமாவாசை ஓதத்தின் ஏற்ற இறக்கம் 2.5 மீட்டருக்கு மேல். சென்னையில் அது ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். நாகையிலும் கடலூரிலும் புயல் எந்த மணியில் வந்தாலும் வித்தியாசம் சிறிது. இங்கே மணிதான் எல்லாம். அரை மீட்டர் ஏற்றம் வற்றத்தில் வந்தால் ஒருவர் கண்ணிலும் படாது. உச்சியில் வந்தால் வீட்டுக்குள் வரும்.

நீரிணையின் வடிவமும் எங்களுக்குச் சாதகமாக இல்லை. கிழக்கு வாய் பெங்கேராங்குக்கும் சாங்கிக்கும் இடையே திறந்திருக்கிறது. மேற்கில் 1924-இல் திறந்த கடற்பாலம் தண்ணீர் போக வழியில்லாமல் அடைத்து நிற்கிறது. இடைப்பட்ட நீளம் தோராயமாக இருபத்தைந்து கிலோமீட்டர். சராசரி ஆழம் பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 20 மீட்டர் வேகக் கீழைக்காற்று விடாமல் அடித்தால் கடற்பாலத்து முனையில் தண்ணீர் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஏறும். காற்று இரட்டித்தால் ஏற்றம் நான்கு மடங்கு. ஆழம் பாதியானால் இரு மடங்கு. வெளிக்கடலில் ஏற்கெனவே ஏறியிருக்கும் மட்டம் இதற்கு மேல். தாளில் கையாலேயே போட்டுவிடக்கூடிய கணக்கு இது. கணினி மாதிரி எதையும் ஓட்டுமுன் இதைப் போட்டுப் பார்க்காதவரை நான் எந்த விடையையும் நம்புவதில்லை.

ஆழமின்மைதான் தனுஷ்கோடியையும் அழித்தது என்று நினைக்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவு அங்கே வந்த புயலும் 5 பாகை வடக்கை ஒட்டி, பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் தொடங்கியதுதான். இலங்கையைக் கடந்து அது வந்து சேர்ந்த பாக் நீரிணைப் பகுதியில் கடல் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். காற்று தள்ளிய தண்ணீர் அடிவழியாகத் திரும்பிப் போக ஆழம் இல்லை. மேலே ஏறுவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. பயணிகளோடு ரயில் போனது, ஊர் போனது. அதே புயல் ஆழ்கடல் தீவொன்றின் மேல் போயிருந்தால் கூரைகளைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கும், அவ்வளவுதான்.

போன தீபாவளி சமயம், விடாத மழையில், எங்கள் கோயில் கமிட்டியில் இருக்கும் பெரியவர் ஒருவர் கேட்டார்: “நம்ம பக்கம் புயல் வராதுல்ல தம்பி?”

“புயல் வரணும்னு இல்லைங்க அண்ணே. தண்ணி வந்தா போதும்.”

உண்மையில் அதுதான் அடிக்கடி நடப்பது. தென்சீனக் கடலில் வடகிழக்குக் காற்று நாள்கணக்கில் விடாமல் அடித்தால் அந்தக் கடலின் தென்மேற்கு மூலையில், அதாவது எங்கள் வாசலில், தண்ணீர் குவியும். சில பத்து சென்டிமீட்டர் இருக்கும். எங்கோ வியட்நாமை நோக்கிப் போகும் சூறாவளி ஒன்று, தன் வடமேற்கே இருக்கும் உயர் அழுத்தத்தோடு சேர்ந்து அந்தக் காற்றை இன்னும் இறுக்கினால், ஆயிரம் கிலோமீட்டருக்கு இப்பால் கடல் ஏறும். அந்த நேரத்தில் தெப்ராவ் ஆற்றின் மேற்பகுதியில் மழை கொட்டினால், ஆற்று நீர் இறங்க இடமில்லை. கடல் உயர்ந்ததும் வடிகால்களின் மடைக்கதவுகள் மூடிக்கொள்ளும். மூடிய கதவுக்குப் பின்னால் மழைநீர் தெருவில் நிற்கும். பார்ப்பவர்கள் வாய்க்கால் அடைப்பு என்பார்கள். அடைத்தது கடல் என்பது ஓத அளவியின் பதிவைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

வாமெய் போன்றது நூறிலிருந்து நானூறு ஆண்டுக்கு ஒருமுறை என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. கவனமான ஆய்வுதான். ஆனால் கூட்டங்களில் அந்த எண் கதவைச் சாத்தவே பயன்படுகிறது: “இனி நம் ஆயுளில் இல்லை.” 2025 நவம்பரில் சென்யார் என்ற புயல் மலாக்கா நீரிணைக்குள்ளேயே பிறந்து சுமத்திராவைத் தாக்கியபோது அந்தக் கூட்டங்கள் என் நினைவுக்கு வந்தன. அது இன்னும் சற்று வடக்கே, 5 பாகையை ஒட்டி. இருந்தாலும் எந்தக் கடலையும் வரைபடத்திலிருந்து விட்டுவிட நமக்கு உரிமையில்லை.

தெப்ராவ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் புதுக் குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. நூறாண்டு மழையை வைத்துத் தரைமட்டம் கணக்கிடுகிறார்கள். ஆற்றுவாயில் சாதாரண ஓதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் கேட்பது கூடுதலாக ஒரே ஓட்டம்: வாமெய்யின் பாதை, அறுபது கிலோமீட்டர் தெற்கே, பௌர்ணமி ஓதத்தின் உச்சியில், மேலே அதே மழையோடு. ஒரு நாள் கணினி நேரம் பிடிக்கும். அந்த விடையைப் பார்த்த பிறகு அடித்தளத்தின் உயரத்தை முடிவு செய்யட்டும்.