பேரணாம்பட்டுக்குப் பட்டாணி வந்த வழி

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுக்கு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு, ஊர் நெருங்குவதை மூக்கே சொல்லிவிடும். தோல் பதனிடும் ஊராயிற்றே! வேலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறோம். ஊரைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் பத்தலப்பல்லி, அதற்கும் அப்பால் ஆந்திராவின் வி.கோட்டா. ரயில் கிடையாது. வருவதும் போவதும் எல்லாம் லாரியிலும் பஸ்ஸிலும்தான். தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் எங்கள் கடைத்தெருவில் ஒன்றாகவே காதில் விழும். நமக்குப் பட்டாணி, பக்கத்து வீட்டு ஆபாவுக்கு மட்டர், மலைக்கு மேலிருந்து வருகிறவர்களுக்கு பட்டாணீலு.

மூன்று பாஷையிலும் பெயர் இருக்கிறதே தவிர, பட்டாணி எங்கள் மண்ணில் விளைகிற பயிரே அல்ல! அதற்குக் குளிர் வேண்டும். வேலூர் வெயில் பேர் பெற்றதாயிற்றே, இங்கே பூத்தாலும் பூ கருகிப்போகும். தமிழ்நாட்டில் பச்சைப் பட்டாணி என்றால் நீலகிரியும் கொடைக்கானலும்தான். அதனால்தான் என் அம்மா காலத்தில் அதை "இங்கிலீஷ் காய்" என்று கேரட், பீட்ரூட்டோடு சேர்த்து வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டுக் குருமாவில் நாலு பட்டாணி மிதந்தால் அது பணக்காரக் கல்யாணம்!

எங்கள் பக்கத்துக் குளிர்காலத்துக்கு உரியது மொச்சை. மார்கழி, தை வந்தால் பச்சை மொச்சை குவியும். ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பிதுக்கம் பருப்பில் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். நகம் வலிக்கிற வேலைதான், ஆனால் ருசி இருக்கே!

பச்சை வந்தது எப்படி?

இப்போது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வண்டிக்காரர் தெருவில் பச்சைப் பட்டாணி கூவி விற்கிறார். அது ஊட்டிப் பட்டாணி மட்டுமல்ல. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் போன்ற வடமாநிலங்களில் குளிர்கால அறுவடை அப்போதுதான். லாரிகளில் தெற்கே வந்து இறங்கும்போது விலை சரிகிறது. கோடையில் சமவெளியில் பட்டாணி நின்றுவிடும். ஹிமாசலம், ஊட்டி மாதிரி மலைப் பகுதிகளிலிருந்து வருவதுதான். வரத்து குறைவு, விலை ஏறும். அந்த இடைவெளியை நிரப்ப வந்ததுதான் கடைகளில் பொட்டலமாகக் கிடைக்கும் உறைந்த பட்டாணி. ஆக, ஒரு சீசன் காய் பன்னிரண்டு மாதக் காய் ஆகிவிட்டது.

காய்ந்தது வந்தது எப்படி?

ஆனால் எங்கள் ஊரைப் போஷிப்பது பச்சைப் பட்டாணி அல்ல, காய்ந்ததுதான். இங்கே பெண்கள் பலர் ஷூ கம்பெனிக்கு வேனில் போகிறார்கள். வீட்டில் பீடி சுற்றுகிறவர்களும் உண்டு. சாயங்காலம் களைத்து வரும்போது ஒரு பொட்டலம் பட்டாணி சுண்டல் பசியையும் தணிக்கும், பர்ஸையும் கடிக்காது. நூறு கிராம் காய்ந்த பட்டாணியில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. முட்டையும் கறியும் தினமும் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

இந்தப் பட்டாணியில் பெரும்பகுதி பல வருஷங்களாகக் கப்பலில் வந்தது. 2006-ல் மத்திய அரசு பருப்பு வகைகளின் இறக்குமதி வரியை எடுத்துவிட்டது. கனடாவிலிருந்து மஞ்சள் பட்டாணி கொட்டத் தொடங்கியது. 2016-17-ல் மட்டும் நாட்டுக்குள் வந்தது சுமார் 30 லட்சம் டன்! எங்கள் தோல் சென்னைத் துறைமுகம் வழியாகச் சீமைக்குப் போகிறது; சீமைப் பட்டாணி கப்பலேறி நம் அடுப்புக்கு வருகிறது. வேடிக்கைதான்.

2015-ல் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அப்போது பட்டாணிப் பருப்புதான் பல வீடுகளின் சாம்பாரைக் காப்பாற்றியது. பிறகு நம் நாட்டிலேயே பருப்பு நன்றாக விளைந்து, உழவர்களுக்கு விலை விழுந்தது. அவர்களைக் காக்க 2017 நவம்பரில் பட்டாணிக்கு 50 சதவீத வரி போட்டார்கள். 2019 டிசம்பரில் கிலோ 200 ரூபாய்க்குக் குறைந்த பட்டாணி இறக்குமதியே கூடாது என்றார்கள். வரத்து ஏறக்குறைய நின்றே போயிற்று. பருப்பு விலை மறுபடி ஏறவே 2023 டிசம்பரில் வரியில்லாமல் கதவைத் திறந்தார்கள். 2025 நவம்பர் 1 முதல் மீண்டும் 30 சதவீத வரி.

டில்லியில் ஒரு உத்தரவு மாறினால் பேரணாம்பட்டு மளிகைக் கடைச் சீட்டிலும் விலை மாறுகிறது. உழவன் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும், நம் வீட்டிலும் எரிய வேண்டும். இதில் யாரைக் குறை சொல்ல? நாம் செய்யக்கூடியது, ஒரே பயறை நம்பிக் குடும்பம் நடத்தாமல் இருப்பதுதான். பட்டாணி மலிந்தால் பட்டாணி. ஏறினால் கொண்டைக்கடலை, காராமணி. தை மாதத்தில் நம்ம மொச்சை. எதுவானாலும் பிள்ளைகளின் தட்டில் தினம் ஒரு பிடி பயறு இருக்கட்டும்.

வாங்கும்போதும் சமைக்கும்போதும்

கண்ணைப் பறிக்கும் பச்சையில் இருக்கும் காய்ந்த பட்டாணியைக் கண்டு மயங்காதீர்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் பட்டாணி போட்டுக் கலக்கி, அரை மணி விட்டுவையுங்கள். தண்ணீரில் சாயம் தனியே பிரிந்தால் அது சேர்த்த நிறம். அந்தக் கடைப் பக்கம் போகாதீர்கள். கடலை மாவு வழக்கத்தைவிட மலிவாகக் கிடைத்தால் அதில் பட்டாணி மாவு கலந்திருக்கலாம். அது விஷமல்ல, ஆனால் கடலை விலை கொடுத்துப் பட்டாணியை ஏன் வாங்க வேண்டும்?

காய்ந்த பட்டாணியை எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் வேகவையுங்கள். வாயுத் தொல்லை குறையும். சீக்கிரம் வேக வேண்டுமென்று ஆப்ப சோடா போடுகிற பழக்கம் வேண்டாம். பி-1 வைட்டமின் போய்விடும். குக்கரில் வைத்தால் சோடாவே தேவையில்லை. இறக்கியபின் ஒரு எலுமிச்சை மூடி பிழிந்தால் அதிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். ரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது முக்கியம்.

குளிர்காலத்தில் பச்சைப் பட்டாணி மலிந்தால் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். ஒரு கிலோ காயை உரித்தால் ஏறக்குறைய பாதிதான் தேறும் என்பதைக் கணக்கில் வையுங்கள். கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, உடனே ஜில்லென்ற தண்ணீரில் ஆறவைத்து, துணியில் ஈரம் போகத் துடைத்து, சின்னச் சின்னப் பைகளில் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். சித்திரை, வைகாசியில் விலை ஏறும்போது உங்கள் வீட்டிலேயே பட்டாணி இருக்கும்.