புகைக்கும் ஒரு பங்கு

விறகடுப்பின் புகைக்குழாய் கைவைக்க முடியாதபடி சுடுவதைப் பார்ப்பவர்களுக்கு, இத்தனை சூடும் வீணாக வானத்துக்குப் போகிறதே என்று தோன்றுவது இயல்பு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் குளிர்காய வேண்டிய தேவை இல்லை. ஆனாலும் வெந்நீர் போடவும், மழைக்காலத்தில் வற்றலோ விறகோ உலர்த்தவும் அந்தச் சூடு உதவும். அதை எடுப்பதில் தவறில்லை. ஆனால் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. குழாயில் கைவைப்பதற்கு முன் விறகில் எடுக்க வேண்டியதை எடுத்துவிட வேண்டும் என்பதே என் வாதம். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். நம் கித்தா (ரப்பர்) தோட்டங்களில் ரப்பர் ஷீட்டை உலர்த்திய புகைவீடுகளே போதும்.

1877இல் கோலகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகள் ஊன்றப்பட்ட பேராக்கில், பின்னாளில் பெருந்தோட்டங்கள் பலவற்றில் புகைவீடு இருந்தது. ரப்பர் பாலை ஃபார்மிக் அமிலமிட்டு உறையவைத்து, உருளைகளில் அழுத்தி ஷீட்டாக்கி, கழிகளில் வரிசையாகத் தொங்கவிடுவார்கள். தீ எரியும் அறை பெரும்பாலும் கட்டடத்துக்கு வெளியே இருக்கும். சூடான புகை தரைக்கடியிலுள்ள வழியாக உள்ளே வந்து, ஷீட்டுகளிடையே ஏறி, கூரைத் திறப்புகளால் வெளியேறும். நான்கைந்து நாள், ஏறக்குறைய 40 முதல் 60 பாகை செல்சியஸ் வரையில் சூட்டைப் படிப்படியாக உயர்த்துவார்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஷீட்டில் கொப்புளம் விழும். முதல் நாள் ஷீட்டிலிருந்து நீர் மிகுதியாக வெளியேறும் என்பதால் கூரைத் திறப்புகளை நன்றாகத் திறந்துவைக்க வேண்டும். சூட்டைக் காக்கிறேன் என்று அவற்றை மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, ஷீட் உலராது. வெளியேறும் வழியை அடைத்துச் சூட்டைப் பெருக்க முடியாது என்பதைப் புகைவீட்டுத் தொழிலாளர்கள் வேலையிலேயே கற்றார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். புகைவீட்டில் புகை 60 பாகைவரை ஆறிய பின்தானே வெளியேறுகிறது, வீட்டுக் குழாயில் மட்டும் ஏன் அப்படிச் செய்யக்கூடாது? காரணம், புகைவீட்டுக்கு வேண்டியதும் வீட்டுக்கு ஆகாததும் ஒன்றே. புகை ஆறும்போது அதிலுள்ள தார்ப்பொருள் படியும். ஷீட்டில் படிந்தால் அது பூஞ்சையைத் தடுக்கும், குழாயின் உட்சுவரில் படிந்தால் அது எரிபொருளாகிவிடும். புகையின் சூடு 120 பாகைக்குக் கீழே இறங்கும்போது இந்தப் படிவு மிகும். ஒருநாள் பெருந்தீ மூட்டியதும் அது பற்றிக்கொண்டால் குழாய்க்குள் 1,000 பாகையைத் தாண்டும் நெருப்பு எழலாம். இன்னொன்று, புகையை மேலே இழுப்பதே அதன் சூடுதான். உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட இலேசாக இருப்பதால்தான் குழாய் இழுக்கிறது. சூட்டை முழுதும் பறித்துவிட்டால் புகையும், மணமற்ற நஞ்சான கார்பன் மோனாக்சைடும் சமையலறைக்குத் திரும்பும். ஆகவே குழாயோடு போகும் சூட்டில் ஒரு பகுதி நட்டமல்ல, புகையை வெளியேற்ற நாம் கொடுக்கும் கூலி.

அப்படியானால் கூடுதல் சூட்டுக்கு எங்கே போவது? விறகிடம்தான். நன்றாக உலர்ந்த ஒரு கிலோ விறகு ஏறத்தாழ 15 மெகாஜூல் தரும். எடையில் பாதி நீராக இருக்கும் பச்சை விறகு அதில் பாதியளவே தரும். அதில் எரியும் பொருளே குறைவு, நீரை ஆவியாக்கவும் சூடு செலவாகும். வெட்டிய ரப்பர் மரத்தைப் பிளந்து, மழைபடாமல், காற்றுப் புகும்படி அடுக்கி உலரவைப்பது குழாய்ச் சூட்டை எடுக்கும் எந்தக் கருவியையும்விடப் பெரிய லாபம். விறகு உலர நாளாகும், கருவியை இன்றே மாட்டலாம் என்பார்கள். ஆனால் ஈர விறகு அடுப்பில் இருக்கும்வரை, குழாயில் மாட்டும் கருவி புகையை மேலும் குளிர்வித்துத் தாரைத்தான் சேர்க்கும்.

விறகை உலர்த்திய பிறகு குழாயிடம் போகலாம். கரி படிந்த சுவர் சூட்டை எளிதில் வெளியே விடாது. ஆகவே முதல் வேலை, ஆறிய குழாயைத் துலக்குவது. பிறகு அதன் வெளிப்புறத்தைக் காற்று தழுவிச் செல்லவிட்டு அந்தக் காற்றைப் பயன்படுத்தலாம். குழாய்க்குள் தடுப்புகளைச் செருகுவது தவறு. அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி, ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் இடையே 18 அங்குலம் கேட்கிறது. பலகைச் சுவரும் மரச்சட்டக் கூரையும் கொண்ட பழைய தோட்ட லயத்து வீடுகளுக்கு இது மிகவும் பொருந்தும். நீர் காய்ச்சினால் பாத்திரம் திறந்தே இருக்கட்டும். நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும், ஆவி வெளியேற வழியில்லாத கொள்கலன் வெடிக்கும்.

1965இல் எஸ்எம்ஆர் எனும் மலேசிய ரப்பர்த் தரமுறை வந்தபின் புகையில்லாத சூடான காற்றில் ரப்பரைச் சில மணி நேரத்தில் உலர்த்தும் ஆலைகள் பெருகின. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, புகைவீடுகள் குறைந்தன. ஆனால் விறகுக்கு உலர்ச்சி, தீக்கு அளவு, புகைக்கு வழி என்று அங்கே உழைத்தவர்கள் சேர்த்த அறிவு பழையதாகிவிடவில்லை. இன்று பின்கட்டில் விறகடுப்பு வைத்திருப்பவர் குழாய்ச் சூட்டைக் கேட்டுப் பெற வேண்டிய வரிசையும் அதுவே.