புகை அடிக்க வாறாங்க எண்டு ஒரு வார்த்தை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

போன மாதம் ஒரு நாள், அசர் தொழுதுவிட்டு பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். உம்மா முன் விறாந்தையில் தஸ்பீஹ் கோர்வையோடு இருந்தா. உம்மாவுக்கு 74 வயது, நீண்ட நாள் முட்டு வருத்தம். ஒழுங்கை முனையில் மோட்டார் சைக்கிள் உறுமுவது போல ஒரு சத்தம் கேட்டது. எழும்பிப் பார்ப்பதற்குள் வெள்ளைப் புகை மதிலைத் தாண்டி விறாந்தைக்குள் வந்துவிட்டது. டீசல் மணம். டெங்கு நுளம்புக்குப் புகை அடிக்கிறார்கள்.

உம்மாவை உள்ளே கூட்டிவந்து கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தினேன். பத்து நிமிடத்தில் இழுப்புத் தொடங்கியது. பம்ப் அடித்தும் அடங்கவில்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு தரம் நெபுலைசர் வைத்த பிறகுதான் மூச்சு சீரானது. அல்ஹம்துலில்லாஹ், இரவே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அடுத்த நாள் பாடசாலை விட்டதும் நேரே பி.எச்.ஐ.யிடம் போனேன். போன வேகத்தில் சத்தம் போட்டுத்தான் பேசினேன். "ஒரு மௌத் எண்டா பள்ளி ஸ்பீக்கரில சொல்றாங்க. தண்ணி வெட்டு எண்டாலும் சொல்றாங்க. வீட்டுக்குள்ள மருந்து வருது எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லையா?"

அந்தத் தம்பி பொறுமையாகத்தான் கேட்டார். "டீச்சர், உங்கட ஒழுங்கையில மூணு பேருக்கு டெங்கு. நேத்து முந்தின நாள் ராத்திரிதான் முடிவெடுத்த. மெயின் ரோட்டில ஓட்டோவில சொல்லிக்கொண்டு போனதுதானே" என்றார். மெயின் ரோட்டில் சொன்னது எங்கள் ஒழுங்கைக்குக் கேட்கவில்லை.

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2017ஐ நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த ஒரு வருடத்தில் மட்டும் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு பதிவானது. ஒழுங்கையில் நோயாளி இருந்தால் புகை அடிக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் சொன்ன இன்னொரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. "சத்தம் கேட்டதும் எல்லாரும் கதவச் சாத்துறீங்க. டெங்கு நுளம்பு வீட்டுக்குள்ளதான், கட்டிலுக்குக் கீழ, தொங்கப் போட்ட உடுப்புக்குப் பின்னால இருக்குது. கதவு சாத்தினா வெளியில காத்துக்குத்தான் மருந்தடிச்ச கணக்கு."

அப்படியென்றால் முன்கூட்டியே சொல்லாமல் அடிக்கும் புகையால் நோயாளிக்கும் பாதிப்பு, நுளம்பும் சாகாது. முதல் நாள் சொல்லியிருந்தால் உம்மாவைத் தங்கச்சி வீட்டில் விட்டிருப்பேன். சாப்பாடு, தண்ணீரை மூடி வைத்து, மகனின் மீன் தொட்டியையும் மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு நாங்களும் வெளியே நின்றிருப்போம். இந்தப் புகையில் கலக்கும் மருந்துகளில் பல மீனுக்குக் கடும் நஞ்சு. அன்று தொட்டியில் இருந்த மீன்கள் அத்தனையும் மிதந்தன.

புகை பறக்கும் நுளம்பை மட்டுமே கொல்லும். தண்ணீரில் இருக்கும் குடம்பிக்கு ஒன்றும் ஆகாது. காய்ந்த பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே "நாளைக்குப் புகை" என்று சொல்லும்போதே "இன்றைக்குச் சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு எல்லாம் கவிழ்த்து விடுங்கள்" என்றும் சொல்லிவிடலாம்.

இதையெல்லாம் அன்று பின்னேரம் பக்கத்து வீட்டு ராத்தாவிடம் கொதித்துக் கொதித்துச் சொன்னேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ராத்தா, ஒரு வார்த்தை!"

ராத்தா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "கோவிக்காதீங்க டீச்சர். நீங்க கறையானுக்கு மருந்து அடிச்ச நேரம் எனக்கும் சொல்லல்லதானே" என்றா.

எனக்கு நினைவே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக் கறையானுக்கு ஆள் பிடித்து, சுவரோரம் துளை போட்டு மருந்து ஏற்றினோம். அந்தச் சுவரிலிருந்து ராத்தாவின் கிணறு பன்னிரண்டு அடி கூட இராது. எங்கள் ஊர் மணல் நிலம், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். கறையான் மருந்தோ மண்ணுக்குள் வருடக்கணக்கில் நிற்பதற்கென்றே செய்தது. கிணறு இருக்கும் பக்கம் அதை ஏற்றும்போது கவனம் தேவை என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான்.

அந்த நேரம் ராத்தாவின் மகள் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீடு வந்திருந்தாளாம். எட்டு மாதம். இரண்டு நாள் அந்தக் கிணற்றுத் தண்ணீரில் குளித்த பிறகுதான் மணம் தெரிந்ததாம். அதோடு மகளை மாமியார் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டா. "பிள்ளை சுகமாத்தான் பொறந்த. ஆனா பிள்ளட முகத்தப் பாக்குற வரைக்கும் நான் தூங்கல்ல டீச்சர்."

"ஏன் ராத்தா என்னட்டக் கேக்கல்ல?"

"நீங்க படிச்ச ஆள். யோசிக்காமச் செய்வீங்களா எண்டு நெனச்சன்."

அந்த வார்த்தைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அயலவர் உரிமை பற்றி எத்தனை குத்பா, எத்தனை பயான் கேட்டிருப்போம். கறி காய்ச்சினால் கொடுத்தனுப்புவோம். கந்தூரிக்கும் கலியாணத்துக்கும் சொல்லுவோம். மருந்தடிக்கும்போது சொல்ல வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. பி.எச்.ஐ. தம்பி குறைந்தது மெயின் ரோட்டிலாவது சொல்லியிருக்கிறார். நான் அதையும் செய்யவில்லை.

நியூயோர்க் மாநிலத்தில் இதற்கு 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. அதை ஏற்றுக்கொண்ட மாவட்டங்களில், கம்பனிகள் புல்வெளிக்கு மருந்து அடிப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன், 150 அடிக்குள் இருக்கும் அயலவருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். நமக்கு 150 அடி தேவையில்லை. எங்கள் ஒழுங்கையில் 150 அடிக்குள் பாதி ஊர் வந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சொன்னாலே பெரிய காரியம்.

அடுத்த கிழமை இரண்டாவது தடவை புகை அடித்தார்கள். முதல் நாள் பின்னேரம் பி.எச்.ஐ. எனக்குக் கோல் எடுத்தார். இஷாவுக்குப் பிறகு பள்ளியில் அறிவித்தார்கள். எத்தனை மணிக்கு, எந்தெந்த ஒழுங்கை, எதை மூட வேண்டும், எதைத் திறக்க வேண்டும், முட்டுக்காரர், கைக்குழந்தை, கர்ப்பிணித் தாய்மார் அரை மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. புகை வரும்போது எங்கள் ஒழுங்கையில் கதவுகள் திறந்து கிடந்தன. உம்மா தங்கச்சி வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா.

இப்போது எங்கள் வீட்டு அறைக் கதவு நிலையில் திரும்பவும் கறையான். இந்த முறை மருந்துக்காரருக்குக் கோல் எடுக்குமுன் ராத்தா வீட்டுக்குப் போனேன். மாப்புக் கேட்டேன். என்ன மருந்து, எந்தச் சுவர், எந்த நாள் எல்லாம் சொன்னேன். கிணற்றுப் பக்கச் சுவரில் துளையே போட மாட்டோம் என்றும் சொன்னேன். ராத்தா, "பேரப்புள்ள லீவுக்கு வந்து நிக்கிறான். அவன் போன பொறகு அடிப்பமா?" என்றா.

இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அதுவரை நிலையைக் கறையான் தின்னட்டும்.

உங்கள் ஊரில் புகை அடிக்க முன் சொல்கிறார்களா? நீங்கள் பக்கத்து வீட்டுக்குச் சொல்கிறீர்களா? கொமெண்டில் எழுதுங்கள்.