பலாலி: ஒரு காணியும் ஒரு ஓடுபாதையும்

போன பதிவுல மல்லாட்டை விலையப் பத்தி எழுதினேன். இன்னைக்கு ஒரு விமான நிலையத்தப் பத்தி எழுதுறேன். விவசாயிக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேக்காதீங்க, இதுவும் நிலத்தோட கதைதான்.

கிரிவலம் வர்றவங்களுக்கு அடி அண்ணாமலைன்னா ஆதி அருணாசலேஸ்வரர் கோயில்தான் தெரியும். இங்க இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கு. அங்கேருந்து ஒரு பெரியவர் எங்க கொல்லைக்கு மல்லாட்டை பிடுங்க வருவாரு. யாழ்ப்பாணத்துல வசாவிளான் பக்கம் அவரு ஊரு. நாம ஏத்தம்னு சொல்றத அவங்க துலான்னு சொல்றாங்க. செம்மண்ணு, கிணத்துத் தண்ணி, வெங்காயம், போயிலை. நம்ம பாடு மாதிரியேதான்.

அந்த ஊரை ஒட்டித்தான் பலாலி விமான நிலையம். இரண்டாம் உலகப் போர்ல வெள்ளைக்காரன் தன் விமானப்படைக்குன்னு போட்டது. போர் முடிஞ்சப்புறம் ஜனங்களுக்கும் திறந்தாங்க. அங்கேருந்து கொழும்புக்கும் போகலாம், நம்ம மெட்ராசுக்கும் வரலாம். பிறகு சண்டை வந்துச்சு, ராணுவம் முழுசா உக்காந்துடுச்சு. 1990 ஜூன்ல சண்டை மறுபடி மூண்டப்ப சுத்துப்பட்டு ஜனங்க எல்லாத்தையும் விட்டுட்டுக் கிளம்பினாங்க. ஊரு ஊரா உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள போயிடுச்சு. பெரியவரும் அப்பதான் படகேறி ராமேஸ்வரம் வந்தவரு.

படைத்தளத்துல பொதுஜனமும் பறக்குறதுல ஒரு ஆபத்து இருக்கு. ஏ9 ரோடு மூடிக் கிடந்த காலத்துல கொழும்பு போகணும்னா ஜனங்களுக்குப் பலாலி ஒரு முக்கியமான வழி. 1998 செப்டம்பர் 29ல அங்கேருந்து கிளம்பின லயன் ஏர் விமானம் கடல்ல விழுந்து 55 பேரும் செத்தாங்க. புலிகள் சுட்டு வீழ்த்தினதுன்னு பிற்பாடு தெரிஞ்சுது. உள்ள இருந்தவங்கள்ல பெரும்பாலும் தமிழ் ஜனங்க.

நம்ம நாட்டுலயும் புனே விமானப்படையோட இடம், கோவா டபோலிம் கடற்படையோட இடம். ரெண்டுலயும் பயணிகள் விமானம் இறங்குது. அதனால படையும் ஜனங்களும் ஒரே ஓடுபாதையப் பயன்படுத்துறது தப்புன்னு நான் சொல்லல. ஓடுபாதைக்குச் சுத்தி எவ்வளவு நிலத்துக்கு வேலி போடுறாங்க, போட்ட வேலிய எப்ப எடுக்குறாங்க, அதுதான் கேள்வி.

2019 அக்டோபர் 17ல யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்னு பேரு வெச்சு பலாலியத் திறந்தாங்க. சென்னையிலேருந்து அலையன்ஸ் ஏர் போச்சு. கொரோனாவுல நின்னுது. 2022 டிசம்பர் 12ல திரும்ப ஓட ஆரம்பிச்சுது. 2024ல சென்னையிலேருந்தும் 2025ல திருச்சியிலேருந்தும் இண்டிகோ விட்டாங்க. ஒன்றரை மணி நேரம்கூட ஆகாதாம். நாங்க இங்கேருந்து சென்னைக்கு பஸ்ல போகவே நாலு மணி நேரத்துக்கு மேல ஆகுது.

சண்டை முடிஞ்ச 2009க்கு அப்புறம் நிலத்தக் கொஞ்சம் கொஞ்சமா விட்டாங்க. ஒரு பகுதி இன்னும் வேலிக்குள்ளதான். பெரியவரோட காணியும் அதுல ஒண்ணு. "தம்பி, உறுதி என்ர கையில, காணி அவையின்ர கையில" என்பாரு. உறுதின்னா நம்ம பத்திரம். அந்த ஜெராக்ஸ பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு வெச்சிருக்காரு. விமானத்துல போய்ப் பாத்துட்டு வாங்களேன்னேன். "படகில வந்தவனுக்கு பாஸ்போர்ட் ஏதப்பா?"ன்னுட்டு சாக்கைத் தோள்ல தூக்கிட்டாரு.

2018ல எட்டு வழிச் சாலைக்குன்னு செங்கம் பக்கம் வயல்ல கல்லு நட்டப்ப எங்க சொந்தக்காரங்க சோறு தண்ணி இல்லாம அழுதாங்க. ஒரு கல்லுக்கே அப்படி. இவரு முப்பத்தஞ்சு வருஷமா முழு நிலத்தையும் நினைச்சுக்கிட்டு அடுத்தவன் கொல்லையில மல்லாட்டை பிடுங்குறாரு.

விமானம் வரட்டும், நல்லதுதான். பிரிஞ்ச சொந்தம் ஒண்ணு சேரும், கல்யாணம் காட்சிக்குப் போய் வரலாம். நகரத்துல இருக்குற நீங்க யாழ்ப்பாணத்துக்கு டிக்கெட் போட்டீங்கன்னா, இறங்கும்போது ஜன்னல் வழியா அந்தச் செம்மண்ணக் கொஞ்சம் பாருங்க. பயிர் வெச்ச மண்ணு அது. அதுக்குப் பத்திரம் வெச்சிருக்குறவரு இங்க மலையடிவாரத்துல இருக்காரு.