"ஆயிற்று, மாமா!"

சென்ற வருஷம் ஒரு முகூர்த்தத்துக்காகக் குடும்பத்தோடு விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். வாசலில் வண்டி காத்திருந்தது. "காஸ் அடுப்பை மூடியாயிற்றாடா?" என்று என் மருமானைக் கேட்டேன். "ஆயிற்று, மாமா!" என்றான். அவன் அறிந்த வரையில் அது மெய்தான். கூடத்தில் நின்றபடியே சமையலறையை நோக்கி, "அம்மா, அடுப்பை மூடிவிடுங்கள்" என்று உத்தரவு போட்டிருந்தான். சமையற்கார அம்மாளுக்குக் காது மந்தம்.

கல்யாணப் பெண்ணுக்கு வாங்கிய புடவையை மறந்துவிட்டோமே என்று பாதி வழியில் திரும்பினோம். இருட்டில் கதவைத் திறந்ததும் நெடி மூக்கைத் துளைத்தது. பால் பொங்கி நெருப்பை அணைத்திருந்தது. காஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. என் கை பழக்கத்தால் விளக்கின் ஸ்விச்சுக்குப் போயிற்று. என் மனைவி அந்தக் கையைப் பிடித்து இழுத்திராவிட்டால், இந்தக் கட்டுரையைப் படிக்கும் கஷ்டம் நேயர்களுக்கு நேர்ந்திராது.

அன்று மருமானை நான் வைத வசவுகளை அச்சிட எந்தப் பத்திராதிபரும் சம்மதிக்க மாட்டார். சில மாதங்கள் கழித்து, 1979-ஆம் வருஷம் மார்ச் 28-ஆம் தேதி அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்தைப் பற்றிப் படித்தேன். அது முதல் அந்த வசவுகள் என்னையே உறுத்தி வருகின்றன.

பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஸஸ்குவெஹன்னா நதியின் நடுவே 'மூன்று மைல் தீவு' இருக்கிறது. அங்கிருந்த அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலையில், அன்று அதே விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீர் செலுத்தும் பம்புகள் நின்றன. அழுத்தம் ஏறிற்று, அதைத் தணிக்க ஒரு வால்வு திறந்தது, உலையும் தானே அடங்கிற்று. இதுவரை எல்லாம் ஒழுங்குதான். நம் வீட்டுக் குக்கரில் குண்டு எழும்பி ஆவியை விட்டுவிட்டு மறுபடி உட்காருகிறதல்லவா? இந்த வால்வு உட்காரவில்லை. அடங்கிய அணு உலையோ, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரமல்ல. வெகு நேரம் கொதிப்பு ஓயாது. அதைக் குளிர்விக்க வேண்டிய தண்ணீர் சுமார் 2 மணி 20 நிமிஷம் அந்த வால்வு வழியே ஓடிப் போய்க்கொண்டிருந்தது.

வால்வுக்கென்று பலகையில் ஒரு விளக்கு இருந்தது. அது அணைந்துவிட்டது. ஆகவே வால்வு மூடிவிட்டது என்று சிப்பந்திகள் நம்பினார்கள். உண்மையில் அந்த விளக்குக்குத் தெரிந்ததெல்லாம், 'மூடு' என்ற உத்தரவு போயிற்று என்பதுதான். "ஆயிற்று, மாமா!"

வால்வுக்கு அப்பாலிருந்த குழாய் சூடாயிருப்பதை வேறொரு கருவி காட்டத்தான் காட்டிற்று. ஆனால் முன்பே கசிவு இருந்ததால் அந்தக் குழாய் எப்போதுமே சூடு; எங்கள் சமையற்கார அம்மாளின் காதைப் போல அதுவும் பழகிப்போன விஷயம். நூற்றுக்கு மேற்பட்ட அபாய அறிவிப்புகள் ஒருங்கே முறையிட்டன. தண்ணீர் மிஞ்சிவிட்டதாக ஒரு மானி மயக்கவே, தானாக வந்த அவசரத் தண்ணீரைச் சிப்பந்திகள் தங்கள் கையாலேயே குறைத்தார்கள். வேலை மாற வந்த ஒருவர் புதுக் கண்ணோடு பார்த்த பிறகுதான் அந்த வழி அடைபட்டது. அந்த விபத்தில் உலையின் உட்கருவில் ஏறக்குறையப் பாதி உருகிப்போயிற்று. இரண்டு நாள் கழித்து, ஐந்து மைலுக்குள் இருந்த கர்ப்பிணிகளையும் சிறு குழந்தைகளையும் வெளியேறும்படி மாகாண கவர்னர் யோசனை சொன்னார்.

கடைசியாகக் கை வைத்தவனைக் கழுவேற்றுவது சுலபம். ஜனாதிபதி கார்ட்டர் நியமித்த கெமனி குழு அப்படிச் செய்யவில்லை. யந்திரங்கள் போதுமானவையே, மனிதர் பிழைதான் சிறு கோளாற்றைப் பெரு விபத்தாக்கிற்று என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் 'மனிதர்' என்ற சொல்லுக்குள் பயிற்சி அளித்தவர்கள், நிர்வாகிகள், மேற்பார்வை செய்த சர்க்கார் இலாகா எல்லோரையும் உட்கார வைத்தது. ஒஹையோ மாகாணத்தில் 1977-லேயே இதே மாதிரி வால்வு திறந்து நின்று, அங்கும் தண்ணீரைக் குறைத்திருந்தார்கள். உலை செய்த கம்பெனியின் எஞ்சினீயர்கள் எச்சரித்து எழுதவும் எழுதினார்கள். கடிதம் ஆபீஸுக்குள் சுற்றிற்றே ஒழிய, தீவில் இரவு முழுதும் கண் விழித்தவர்களிடம் போய்ச் சேரவில்லை.

சமையற்கார அம்மாளின் காது பத்து வருஷமாக எனக்குத் தெரியும். ஒரு நாளாவது வைத்தியரிடம் காட்டினேனா?

இப்போது காட்டியாயிற்று, காதுக்கு யந்திரமும் வாங்கிக் கொடுத்தேன். புறப்படும்போது நானே உள்ளே போய் அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்க்கிறேன். மருமான் உத்தியோகமாகி வெளியூர் போய்விட்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். "அவனுக்கு எழுதியாயிற்றா?" என்று மனைவி கேட்டால், "ஆயிற்று" என்கிறேன். கடிதம் என் மேஜை அறையில் இருக்கிறது. இன்னும் தபாலில் சேர்க்கவில்லை.