அடிக்க வந்தவர்களும் அடிபட்டு வந்தவர்களும்

கல்முனைக்குடியில் கடற்கரைப் பள்ளிப் பக்கமாக ஒரு சிறிய மண்டபம் இருக்கிறது. அஸர் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள். வெள்ளை உடுப்பு, இடுப்பில் மஞ்சள், பச்சை, கபில நிறப் பட்டிகள். கராத்தே பழக்குபவர் பகலில் உடற்கல்வி ஆசிரியர். பிள்ளைகளுக்கு மாலையிலும் அவர் 'சேர்'தான். அன்று மகனைச் சேர்க்க வந்த ஒரு தகப்பன், மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டார். சேர் அதற்குப் பதில் சொல்லவில்லை. பையனைப் பக்கத்தில் இருத்தி, "உன்ன ஆரும் அடிச்சாங்களா மனெ?" என்று மெதுவாகக் கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். வாப்பாவுக்கு அது அப்போதுதான் தெரியும்.

"இஞ்ச வாறதுல கனபேர் அடி வாங்கினவனுகள்தான்" என்றார் சேர் பிறகு. "அடிக்கணும் எண்டு வாறவன் குறைவு. ஆனா வெளியால நிண்டு பாக்கிற சனம் எல்லாரையும் சண்டியன் எண்டுதான் நினைக்கிது."

சண்டை விளையாட்டுக்கு ஏன் வருகிறார்கள், வந்தவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் நான் அங்கே போனேன். இரண்டும் ஒரே கேள்வி இல்லை என்பது அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது தெளிவாயிற்று. 1954இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனின் சைக்கிள் களவு போனது. எடுத்தவனை அடித்து நொறுக்குவேன் என்று அழுதுகொண்டு நின்றவனிடம், முதலில் சண்டை போடப் பழகு என்றார் ஜோ மார்ட்டின் என்ற பொலிஸ்காரர். அந்தப் பையன்தான் பின்னாளில் குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி. கோபம் அவரைப் பயிற்சிக்கூடத்தின் வாசல்வரை கொண்டுவந்தது. 1960இல் ரோம் ஒலிம்பிக் தங்கம்வரை கொண்டுபோனது அந்தக் கோபமாக இருக்க முடியாது. களவுபோன சைக்கிளுக்காக எவரும் ஆறு வருடம் விடியற்காலையில் எழும்பி ஓடுவதில்லை.

பயந்து வந்த பிள்ளைகளை சேர் உடனே சண்டைக்கு விடுவதில்லை. எதிரே ஒருவனை நிறுத்தி மெதுவாகக் கையை நீட்டச் சொல்வார். இவன் விலக வேண்டும், அவ்வளவுதான். திருப்பி அடிக்கக் கூடாது. நான் பார்த்த ஒரு சிறுவன் கை வரும்போதெல்லாம் கண்ணை இறுக்கி மூடினான். சேர் ஏசவில்லை. "கண்ணைத் திற, கை எங்க போகுது எண்டு மட்டும் பாரு" என்று அலுக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவன் கண்ணைத் திறந்தபடி ஒரு கைக்கு விலகிக்கொண்டான். கூட நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். அவன் யாரையும் தொடக்கூட இல்லை. அந்த மாலையில் நடந்த மிகப் பெரிய வெற்றி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சேருக்குக் கஷ்டம் கொடுப்பவர்கள் வேறு வகை. பதினேழு வயது இளைஞன் ஒருவன், மாகாண மட்டப் போட்டிக்குத் தயாராகிறவன். நல்ல வேகம், நீண்ட கால். "தோத்தா ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது" என்று அவனே சொன்னான். அவனுக்குப் பயம் கிடையாது. எதிராளியின் முகத்தைக்கூட அவன் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை, புள்ளியை மட்டுமே வைத்துக்கொள்கிறான். கராத்தேயின் குமித்தே சண்டையில் குத்துக்கு ஒரு புள்ளி, உடம்பில் படும் உதைக்கு இரண்டு, தலைக்கு உயரும் உதைக்கு மூன்று. ஆனால் உதையின் வேகத்தைக் கடைசி நொடியில் அடக்கத் தெரிய வேண்டும். சேர் அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது தோக்கியோ ஒலிம்பிக்கின் கதை. 2021 ஆகஸ்ட் 7ஆம் திகதி, ஆண்களுக்கான அதிகூடிய எடைப் பிரிவின் இறுதிச் சண்டை. சவூதியின் தாரெக் ஹமிதி 4க்கு 1 என்று முன்னால் நின்றார். அந்த நிலையில் அவர் உயர்த்திய ஓர் உதை ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்சாதேயை மயங்கி விழச் செய்தது. அடக்கம் இல்லாத தாக்குதல் என்று நடுவர்கள் ஹமிதியை நீக்கினார்கள். மயக்கம் தெளிந்து எழுந்தவருக்குத் தங்கம், முன்னால் நின்றவருக்கு வெள்ளி. "வெறியோட போறவனுக்கு அந்த ஒரு சாண் தெரியாமப் போகும்" என்றார் சேர். இளைஞன் தலையாட்டினான். நம்பினானா என்று எனக்குத் தெரியவில்லை.

சான்றிதழுக்காக வருகிறவர்களும் உண்டு. கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று ஏறிப் போனால் பல்கலைக்கழக விசேட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், வேலை தேடும்போதும் உதவும். இவர்களைச் சிலர் இளக்காரமாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தகப்பன் கட்டாரில், தாய் தனியாகப் பிள்ளைகளைப் பார்க்கிறாள் என்ற வீட்டிலிருந்து வரும் பிள்ளை எதிர்காலத்தைக் கணக்குப் பார்க்கத்தான் செய்யும்.

பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம், தனி ஆசிரியை. உம்மாமார் சுவரோரம் பாயில் இருக்கிறார்கள். உலக கராத்தே சம்மேளனம் 2013இலேயே தலையை மறைத்துப் போட்டியிட அனுமதித்துவிட்டது. ஹமிதி தோற்ற அதே நாளில்தான் எகிப்தின் ஃபெரியால் அப்துல் அஸீஸ் ஹிஜாப் அணிந்து ஒலிம்பிக் தங்கம் வென்றார். அந்தப் பெயர் இங்குள்ள பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். தற்காப்புக்காகத்தான் வருகிறாயா என்று ஒரு மூத்த மாணவியிடம் கேட்டேன். அவள் சண்டை போடுவதே இல்லை. தனியாக நின்று செய்யும் கட்டா மட்டும்தான். "வீட்ட நான் மூத்த புள்ள. எல்லாத்துக்கும் என்னத்தான் கூப்பிடுவாங்க. இஞ்ச ஒரு மணித்தியாலம் ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க" என்றாள்.

அடுத்து மருதமுனை. கைத்தறிக்குப் பேர்போன ஊர். 2004 டிசம்பர் 26இல் கடல் உள்ளே வந்து இந்தக் கரை முழுவதையும் அள்ளிக்கொண்டு போனது. இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம்தான். நான் தேடிப்போன, சிலம்படி பழக்கும் அண்ணாவியாரின் பழைய வீடும் அதில் போனது. எழுபது தாண்டியவர், வாழ்நாள் முழுக்கத் தறியில் இருந்தவர். முற்றத்தில் நின்று பொல்லை எடுத்ததும் முதுகு நிமிர்ந்துவிட்டது. கால் முதலில் போகிறது, கை பின்னால் வருகிறது. தறி மிதிக்கிறவர் மிதியையும் நாடாவையும் சேர்த்து ஓட்டுவதைப் போல இரண்டுக்கும் நடுவில் இடைவெளியே தெரியவில்லை.

அவரிடம் பட்டியும் இல்லை, புள்ளியும் இல்லை. கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் ஏறும் கொடியேற்றத்திலும், கலியாண ஊர்வலங்களிலும் ஆடியவர். முதலில் எதிராளிக்கு சலாம், பிறகு வீச்சு. "மேல படாம, பட்ட மாதிரி எடுக்கணும். பட்டுட்டா அடிச்சவனுக்குத்தான் வெக்கம்" என்றார். சபை நடுவில் ஒருவரைத் தலைகுனிய வைப்பது அவருடைய வித்தையில் தோல்விக்குச் சமம். அதற்காக அன்றைய ஆட்களிடம் போட்டி இல்லாமல் இருந்ததா? இருந்தது. எந்த ஊர் அண்ணாவியின் பிள்ளை என்ற ரோசம் பெரிய ரோசம். வடசென்னைக் குத்துச்சண்டையில் சார்பட்டா, இடியப்பன் என்று பரம்பரை பேர் சொல்லி மோதியதும் இதே ரோசம்தான். தன் பெயர் தோற்றால் தாங்குவான். தன் ஆசானின் பெயர் தோற்றால் தாங்க மாட்டான்.

சுனாமிக்குப் பிறகு தன்னிடம் வந்த ஒரு மீனவரைப் பற்றி அண்ணாவியார் சொன்னார். குடும்பத்தில் பலரைப் பறிகொடுத்தவர், வயதும் கொஞ்சம் கூட. என்னத்துக்குப் பழகப்போறாய் என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மஃரிபுக்குப் பிறகு வருவார், வேர்க்க விறுவிறுக்கச் சுற்றுவார், போய்விடுவார். யாருடனும் சோடி போட்டு ஆடியதே கிடையாது. "அந்த ஆளுக்கு நித்திரை வேணும் மகன். உடம்பு களைச்சாத்தான் நித்திரை வரும்."

இப்போது வருகிற பெடியன்கள் கலியாண ஊர்வலத்தில் சுற்றுவதற்கு நாலு வீச்சு போதும் என்கிறார்கள். போனில் படம் எடுத்தவுடன் பொல்லை வைத்துவிடுகிறார்கள். அவருக்கு அதில் கோபம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் சைக்கிளுக்காக வந்தவனும் நின்று பிடித்திருக்கிறான். படத்துக்காக வந்தவனை நிறுத்திப் பிடிக்க அவருக்கு மாலையில் ஒரு நிலையான இடமும் வாரத்தில் சில மணித்தியாலமும் வேண்டும். முற்றத்தில் மழை பெய்தால் பழக்கம் இல்லை.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பாடசாலை அதிபர்களிடமும் பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும் ஒன்று கேட்கிறேன். கராத்தேக்குத் திறக்கும் மண்டபத்தை வாரத்தில் ஒரு மாலை அண்ணாவிமாருக்கும் திறந்துவிடுங்கள். பெற்றோரே, பிள்ளையை எங்கே சேர்த்தாலும் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால், ஏன் வர விரும்புகிறாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள். மருதமுனை அண்ணாவியாரிடம் முழுப் பாடமும் பழகிய மாணவர் இன்று ஒருவர்கூட ஊரில் இல்லை.