பெரிய கல்லூரியை விட்டு வந்தவள்

நம்மவர் வீடுகளிலே பிள்ளைக்கு ஒரு பெரிய கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் அது ஒரு சுபகாரியம் போலவே கொண்டாடப்படுகின்றது. கோயிலில் அருச்சனை நடைபெறும். அயலவர்க்குப் பலகாரம் பகிரப்படும். அதே பிள்ளை அக்கல்லூரியை விட்டு வேறொன்றுக்குப் போக விரும்புகின்றதென்றாலோ, அதனை வெளியிற் சொல்லவும் பெற்றோர் கூசுவர். 'இக்கரைக்கு அக்கரை பச்சை' என்னும் பழமொழி உடனே எடுத்தாளப்படும். 'நிலையில்லாத பிள்ளை' என்ற பெயரும் தானே வந்து சேரும். இடம் மாறுவது எக்காலத்தும் குற்றந்தானா, அன்றிச் சில வேளைகளில் அதுவே விவேகமாகுமா என்னும் கேள்வி, ஆசிரியத் தொழிலில் இருக்கும் என் போன்றோர் முன் அடிக்கடி வந்து நிற்பதுண்டு. இதற்கு விடை தேடிய வேளையில், அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீராங்கனை ஒருவரின் வரலாறு எனக்குப் பெரிதுந் துணைசெய்தது.

கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரிலே, ஜேம்ஸ் நெயிஸ்மித் என்னும் ஆசிரியரால் வகுக்கப்பட்டது. குளிர்காலத்தில் வெளியே ஆட இயலாத மாணவர்க்கென, பழக்கூடைகளை உயரத்தில் அறைந்து அவர் தொடக்கிய விளையாட்டு அது. அடுத்த ஆண்டிலேயே அம்மாநிலத்து ஸ்மித் பெண்கள் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்னும் ஆசிரியை அதனைத் தம் மாணவிகளுக்குக் கற்பித்தார். நம் நாட்டுப் பெண்பிள்ளைகள் விரும்பியாடும் வலைப்பந்தாட்டமும் இதன் வழிவந்ததே. ஆயினும் அமெரிக்காவிற் கல்லூரிப் பெண்களின் விளையாட்டு பெருவளர்ச்சி பெற்றது 1972ஆம் ஆண்டின் பின்னரேயாகும். அரசாங்கப் பணம் பெறும் கல்வி நிலையங்கள் ஆண், பெண் என்று பேதம் பாராட்டலாகாது என்னும் சட்டம் அவ்வாண்டில் இயற்றப்பட்டது. அதன் பின்னர் ஆண் வீரர்க்கு வழங்கப்பட்டது போன்றே வீராங்கனைகளுக்கும் புலமைப்பரிசில்கள் கிடைக்கலாயின. நன்றாக ஆடும் ஒரு பெண்ணுக்குப் படிப்புச் செலவு, விடுதிச் செலவு, உணவுச் செலவு யாவற்றையும் சர்வகலாசாலையே ஏற்றுக்கொள்ளும். அதற்குக் கைம்மாறாக அவள் அதன் கட்சியில் ஆடுதல் வேண்டும்.

பதினேழு, பதினெட்டு வயதிலே இவ்வொப்பந்தத்தைச் செய்துகொள்ளும் பெண்ணுக்கு, பின்னர் அவ்விடம் ஒத்துவராவிட்டால் என்ன கதி? முன்னர் விதி கடுமையாயிருந்தது. கூடைப்பந்தாட்டக்காரர் ஒருவர் ஒரு சர்வகலாசாலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால், பொதுவாக ஓராண்டுகாலம் போட்டிகளில் ஆடாது காத்திருத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டில் இவ்விதி தளர்த்தப்பட்டு, ஒருமுறை மாறுவோர் காத்திராமலே ஆடலாம் என்றாயிற்று. 2024ஆம் ஆண்டிலோ, படிப்பில் உரிய தகுதி உடையவர்கள் எத்தனை முறை மாறினும் உடனே ஆடலாம் என்னும் நிலை வந்தது. கதவு திறந்துவிட்டது. போவதா, இருப்பதா என்று சீர்தூக்கிப் பார்க்கும் பொறுப்பு அந்த இளம் பெண்ணின் தலையிலேயே முழுவதுமாக வந்து விழுந்துள்ளது.

நான் குறிப்பிட்ட வீராங்கனையின் பெயர் எலேனா டெலெ டொன். டெலவெயர் மாநிலத்து வில்மிங்டன் நகரில் 1989ஆம் ஆண்டிற் பிறந்தவர். 6 அடி 5 அங்குல உயரமுடையவர். 2008ஆம் ஆண்டில் உயர்பள்ளிப் படிப்பை முடித்தபோது, நாட்டின் பள்ளி வீராங்கனையருள் முதன்மையானவராக அவர் மதிக்கப்பட்டார். அவரைப் பெற்றுக்கொண்ட கனெக்ரிக்கட் சர்வகலாசாலையோ பெண்கள் கூடைப்பந்தாட்டத்தின் தலைநகர் எனத்தக்கது. ஜீனோ ஓரியெம்மா என்னும் புகழ்பெற்ற பயிற்றுநரின்கீழ் அது அக்காலத்துக்குள்ளேயே ஐந்து முறை தேசிய வாகை சூடியிருந்தது. அங்கே ஓர் இடம் கிடைப்பது எத்தகைய பேறு என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டின் கோடைகாலத்திலே அவர் அங்கு சென்றார். இரண்டே நாட்கள் இருந்தார். பின்னர் வீடு திரும்பிவிட்டார்.

நாடெங்கும் பேச்செழுந்தது. சிறுவயது முதல் ஓயாது ஆடியதால் ஏற்பட்ட சலிப்பைப் பற்றி அவரே அக்காலத்திற் கூறினார். அச்சலிப்பு உண்மையே. ஆயினும் அதனினும் ஆழமான காரணம் ஒன்றிருந்தது. அவருடைய தமக்கையார் பிறவியிலேயே கண் பார்வையும் செவிப்புலனும் அற்றவர்; மூளை வாதமும் வேறு குறைபாடுகளும் உடையவர். நம் பிள்ளைகள் தூரதேசத்திலிருந்து தொலைபேசியிற் பேசுகின்றார்கள், கடிதம் எழுதுகின்றார்கள், இக்காலத்தில் திரையில் முகம் காட்டியும் உரையாடுகின்றார்கள். அந்தத் தமக்கைக்கு இவற்றுள் எதுவும் பயன்படாது. தங்கை பக்கத்தில் வந்து கையைப் பற்றினால், தொடுகையாலும் வாசனையாலும் அவளை அறிந்துகொள்வாள். தங்கை 200 மைல்களுக்கு அப்பாற் சென்றுவிட்டால், தமக்கைக்கு அவள் இல்லாதவளே. இந்தப் பிரிவைத் தாங்க இயலாமலே தாம் திரும்பியதாக எலேனா பின்னாளிற் பலமுறை வெளிப்படையாகக் கூறியிருக்கின்றார்.

வீட்டுக்கு அண்மையிலுள்ள டெலவெயர் சர்வகலாசாலையில் அவர் சேர்ந்தார். பெண்கள் கூடைப்பந்தாட்டத்தில் அதற்குப் பெரும் புகழ் இருந்ததில்லை. அங்கு சென்ற முதலாண்டில் அவர் கூடைப்பந்தைக் கையிலெடுக்காமல், கரப்பந்தாட்டக் கட்சியிற் சேர்ந்து ஆடினார். அவர் விட்டு வந்த கனெக்ரிக்கட் கட்சியோ 2009, 2010ஆம் ஆண்டுகளில், ஆடிய 39 ஆட்டங்களிலும் தோல்வியின்றித் தேசிய வாகை சூடியது. அக்கட்சியிலே அவரும் இருந்திருக்கலாமன்றோ என்று எத்தனை பேர் நாவில் வந்திருக்கும்! உறவினரும் அயலவரும் எதனைப் பேசுவர் என்பதை நாம் அறிவோம். அமெரிக்காவிலும் அயலவர் அயலவரே.

2009ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே அவர் மீண்டும் கூடைப்பந்தாட்டத்துக்கு வந்தார். நான்கு பருவங்கள் டெலவெயருக்காக ஆடினார். 2013ஆம் ஆண்டில் அக்கட்சி, தேசியப் போட்டியில் இறுதிப் பதினாறு கட்சிகளுள் ஒன்றாக முதன்முறை இடம்பெற்றது. அச்சுற்றிற் கென்ரக்கிக் கட்சியிடம் 69க்கு 62 என்ற கணக்கிலே தோற்றது. அவருடைய கல்லூரி வாழ்வின் இறுதி ஆட்டம் அது. நடந்த இடம் கனெக்ரிக்கட் மாநிலத்துப் பிறிஜ்போர்ட் நகரம் என்பது விதியின் விளையாட்டுப் போலும்.

இவ்வரலாற்றை நான் முதன்முதலில் எடுத்துச் சொன்னது ஒரு மாணவிக்கு. வன்னிக் கிராமம் ஒன்றிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்து, விடுதியிலே தங்கி, உயர்தர வகுப்பிற் கலைப்பிரிவிற் படித்தவள் அவள். ஊர்ப் பாடசாலையில் வலைப்பந்தாட்டத்தில் முதல்வியாயிருந்தவளுக்கு, இங்கு கட்சிக்கு வெளியே அமர்ந்து பார்க்கும் இடமே கிடைத்தது. அதனோடு பரீட்சைப் புள்ளிகளும் குறைந்தன; இரவிற் சரியாக உறங்குவதில்லையென விடுதிப் பொறுப்பாளர் கூறினார். ஒருநாள் அவள் என்னிடம் வந்து, "ரீச்சர், நான் ஊருக்குப் போகப்போறன்" என்றாள். அவளை வளர்த்தவர் அம்மம்மா. மறுவாரமே அவளுடைய மாமனார் வந்து, "நீங்கள் ஒரு சொல் சொன்னால் பிள்ளை கேட்கும். இவ்வளவு பெரிய கல்லூரியை விட்டுப் போட்டு வந்தால் ஊரிலை என்ன சொல்லுவினம்?" என்றார். அவரது கவலையிலும் நியாயம் இருந்தது. குடும்பத்தில் அவ்வளவு தூரம் படிக்க வந்தவள் அவள் ஒருத்தியே.

நான் அவளுக்கு எலேனாவின் கதையைச் சொன்னேன். ஆனால் அதனைச் சொல்லிவிட்டு, போ என்றோ இரு என்றோ கூறவில்லை. "பிள்ளை, ஏன் போகவேணும் எண்டு எழுதிக்கொண்டு வா" என்றேன். அடுத்த நாளே இரண்டு பக்கம் எழுதி வந்தாள். அத்தனையும் இக்கல்லூரியைப் பற்றிய குறைகள். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "இது விட்டுப் போறதைப் பற்றினது. போய்ச் சேருற இடத்தைப் பற்றி எழுது. காலையில் எத்தனை மணிக்கு எழும்புவாய்? எந்தப் பாடத்தை ஆர் படிப்பிப்பினம்? பந்து எங்கை ஆடுவாய்?" என்று கேட்டனுப்பினேன்.

இம்முறை அவள் வருவதற்கு ஒரு வாரம் சென்றது. ஊர்ப் பாடசாலையில் மூன்று பாடங்களுள் இரண்டுக்கே ஆசிரியர் உளர். மூன்றாவதற்குச் சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் பட்டினத்து வகுப்புக்குப் போகவேண்டும். பஸ்சின் நேரத்தையும் விசாரித்து எழுதியிருந்தாள். ஆடுகளம் சீராயில்லை, ஆயினும் சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்க அங்குள்ள ஆசிரியை ஒருவர் இடந்தருவதாகக் கூறியிருந்தார். கடைசி வரியில், 'அம்மம்மாவுக்கு இரவிலே கண் தெரிவதில்லை' என்று மட்டும் இருந்தது. அந்தத் தாளை மாமனாரிடமும் அதிபரிடமும் காட்டி, அவள் போகலாம் என்பதே என் கருத்தென்று கூறினேன். அவள் போய் இரண்டு தவணைகள் ஆகின்றன. பரீட்சை இன்னும் வரவில்லை. அந்த மூன்றாவது பாடம் எனக்கும் கவலை தருவதுதான். முடிவு எப்படியிருந்தாலும், அவள் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை.

பாசத்தின் பொருட்டு இடம் மாறுவோர் ஒரு சாரார். தொழிலின் பொருட்டு மாறுவோர் மற்றொரு சாரார். இரண்டாவதற்கு ஹெய்லி வான் லித் என்பவரைக் காட்டலாம். லூயிவில் சர்வகலாசாலையில் 2022–23 பருவத்தில் ஆட்டமொன்றுக்குச் சராசரி 19.7 புள்ளிகள் பெற்ற அவர், 2023ஆம் ஆண்டில் லூயிசியானா மாநில சர்வகலாசாலைக்கு மாறினார். அங்கே பந்தைப் பகிர்ந்து ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பழக்கமில்லாத அப்பணியில் அவர் திணறினார், சராசரி 11.6 ஆகக் குறைந்தது, பலரும் குறைகூறினர். 2024ஆம் ஆண்டில் அவர் மீண்டும் மாறி, டெக்சஸ் கிறிஸ்தியன் சர்வகலாசாலையிற் சேர்ந்தார். ஈண்டு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தமக்குக் கடினமாயிருந்த அதே பணியையே அங்கும் அவர் ஏற்றுக்கொண்டார். சராசரி 17.9 ஆக உயர்ந்தது. அக்கட்சி 2025ஆம் ஆண்டில் இறுதி எட்டுக் கட்சிகளுள் ஒன்றாக முதன்முறை வந்தது. அவ்வாண்டே தொழின்முறைக் கட்சிகளின் தெரிவில் அவர் 11ஆவதாகத் தெரிந்தெடுக்கப்பட்டார். இடத்தை மாற்றினாரேயன்றி, பாடத்தைக் கைவிட்டாரல்லர்.

மாறியவரெல்லாம் வென்றார் என்று எவரும் எண்ணிவிடலாகாது. பெயர் விளங்கியோரையே நாம் அறிகின்றோம்; மாறிய இடத்திலும் வாய்ப்பின்றி ஆட்டத்தை விட்டொழிந்தோர் பலர் உண்டு. வகுப்பில் ஓர் ஆசிரியர் கண்டித்தார் என்றும், தோழியொருத்தி பேசவில்லை என்றும் மூன்று ஆண்டுக்குள் மூன்று பாடசாலை கண்ட பிள்ளைகளையும் நான் அறிவேன். அவர்களுடைய துன்பம் அவர்களோடு கூடவே பஸ் ஏறிச் செல்கின்றது. ஆகவே, எதனை விட்டு ஓடுகின்றாள் என்பதை அறிவதோடு, எதனை நாடிச் செல்கின்றாள் என்பதையும் கேட்டறிதல் பெரியோர் கடமை.

எலேனாவின் பின்வாழ்வு இதனைத் தெளிவாக்கும். 2013ஆம் ஆண்டில் சிக்காகோக் கட்சியால் இரண்டாவதாகத் தெரிந்தெடுக்கப்பட்டார். 2015ஆம் ஆண்டில் தொழின்முறைப் போட்டியின் மிகச் சிறந்த வீராங்கனை என்ற விருதைப் பெற்றார். 2016ஆம் ஆண்டு றியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கட்சியில் இருந்தார். ஆயினும் 2017ஆம் ஆண்டிலே, வீட்டுக்கு அண்மையிலிருக்க விரும்பி, வாஷிங்டன் கட்சிக்கு மாறினார். அங்கே 2019ஆம் ஆண்டில் இரண்டாம் முறையும் அவ்விருது கிடைத்தது. கட்சியும் வாகை சூடியது. 2025ஆம் ஆண்டில் அவர் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். பதினெட்டு வயதில் எதன்பொருட்டுத் திரும்பினாரோ, அதனையே முப்பதை அணுகும் வயதிலும் அவர் மறக்கவில்லை. நிலையில்லாதவர் என்று இவரை யார் சொல்லக்கூடும்?

நம் பாடசாலைகளில் வழங்கப்படும் விடுகைப் பத்திரத்திலே, விலகுவதற்கான காரணத்தை எழுதுவதற்கு ஓரிடம் உண்டு. 'பெற்றோர் வேண்டுகோள்' என்று எழுதி அதனை நிரப்பிவிடுவது எங்களுக்கு எளிது. பெற்றோர்களே, அவ்விடத்தை நாங்கள் நிரப்புமுன், வீட்டிலே ஒரு மாலைப்பொழுதைத் தனியே ஒதுக்கி, அக்காரணத்தைப் பிள்ளையின் வாயாலேயே கேளுங்கள். இடையிற் பேசாது, முடியும்வரை கேளுங்கள்.